சிவப்புக் கோட்டுக்குப் பத்து நிமிஷம்

குளிரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதை நாம் சொல்ல வேண்டியதும் இல்லை. தினமும் நாலு தடவை அவரே சொல்லிவிடுவார். ஊருக்கு வெளியே இருந்த குளிர்பதனக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் நாலாம் நம்பர் அறை அவருடைய ராஜ்ஜியம். அங்கே எப்போதும் மைனஸ் பதினெட்டு. யார் எந்தக் குளிரைப் பற்றி வாயைத் திறந்தாலும், "அட, நம்ம மைனஸ் பதினெட்டுக்கு முன்னாடி இதெல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் கிடங்கில் அவருக்கு மைனஸ் அண்ணன் என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து மனைவியின் வாயிலும் உட்கார்ந்துவிட்டது. அவர் காதுபட அவள் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ் டைப் செய்கிறவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக மைனஸ் பதினெட்டைக் கேட்டுக் கேட்டு, அது அவளுக்குத் தினமும் ஏறுகிற பஸ்ஸின் நம்பர் மாதிரி ஆகியிருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. யோசிக்க நேரம் எங்கே? வீட்டில் அதைவிடப் பெரிய சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

மின்விசிறிச் சண்டை அது. அவர்கள் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. பகலிலும் லைட் போட வேண்டும், காற்று மருந்துக்கும் வராது. அவள் விசிறியை ஐந்தில் வைப்பாள். அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் ஒன்றுக்குத் திருப்புவார். அவள் எழுந்து ஐந்துக்குத் திருப்புவாள். "எனக்குக் குளிருதுங்கறேன்ல" என்பார் அவர். "வேர்த்து ஊத்துது, உங்களுக்கு மட்டும் என்ன குளிரு? எல்லாம் பிடிவாதம்" என்பாள் அவள். இந்த வசனங்களை இருவரும் தூக்கத்திலேயே ஒப்பிப்பார்கள்.

இந்த நிலையில்தான் வேறு ஊரில் வேலையிலிருந்த மகள், பெற்றவர்களுக்கு ஒரு நல்லது செய்யலாம் என்று கிளம்பினாள். குளிர்நாட்டுக்கு எட்டு நாள் சுற்றுலா, பனி கொட்டுகிற மாதத்தில், டிக்கெட்டோடு.

"அங்க மைனஸ் அஞ்சு இருக்குமாம்ப்பா" என்றாள் போனில்.

"அஞ்சா? நாலாம் ரூம்ல அஞ்சுன்னா மெஷின் ரிப்பேர்னு அர்த்தம்" என்று சிரித்தார் அவர். போனை வைத்த பிறகு சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "முப்பது வருஷமா மைனஸ் பதினெட்டுல நிக்கிறேன். ஒரு லீவு கிடைச்சா எங்கயாவது வெயில்ல கால நீட்டலாம்னு பார்த்தா, லீவு போட்டுட்டுக் குளிருக்குப் போகச் சொல்றா உன் பொண்ணு."

"அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"ஆசையா வாங்கிக் குடுத்திருக்கா. எப்படிச் சொல்றது?"

அவர் சொல்லவில்லை. அவள் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. ஏனென்றால் அவளுக்குப் போக வேண்டும். எப்படியாவது போக வேண்டும். போய்ப் பனியில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் ஆசைக்குக் காரணம் இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சான்றிதழில் போட்டோ ஒட்டி முத்திரை குத்தியவளுக்கு, சொல்லிக்கொள்ளும்படி தன் போட்டோ ஒன்று கிடையாது. கல்யாண ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் தலையைக் குனிந்திருந்தாள். அதற்குப் பிறகு எடுத்ததிலெல்லாம் மகளைப் பிடித்துக்கொண்டோ, யாருக்கோ பின்னால் பாதி மறைந்தோ நின்றாள். போதாததற்கு, போன வருஷம் குளிர்நாட்டுக்குப் போய்வந்த கணக்கு டீச்சர் காட்டிய போட்டோ ஒன்று. கறுப்பு ஜாக்கெட்டில் கண் மட்டும் தெரிய ஓர் உருவம். அது டீச்சரா, டீச்சரின் வீட்டுக்காரரா என்று அலுவலகமே பந்தயம் கட்டியது. டீச்சருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

தான் போனால் அப்படி ஆகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். இப்போது டிக்கெட் வந்ததும் சிவப்பில் ஒரு கோட்டு வாங்கினாள். முழங்கால் வரைக்கும் வரும், இடுப்பில் பெல்ட், பெரிய பெரிய பித்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

மைனஸ் அண்ணன் அந்தக் கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். அட்டைப்பெட்டி ஈரமாகியிருக்கிறதா என்று கிடங்கில் அப்படித்தான் பார்ப்பார்.

"இது கோட்டே இல்ல" என்றார்.

"பின்ன என்னவாம்?"

"கோட்டு மாதிரி தைச்ச சட்டை. குளிர் இந்தப் பக்கம் உள்ள வந்து அந்தப் பக்கமாப் போயிடும்."

மறுநாள் கிடங்கிலிருந்து ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீலத்தில், மெத்தை மாதிரி, மூன்று கிலோ கனம். அதன் முதுகில் மஞ்சள் எழுத்தில், பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி எழுதியிருந்தது: 'உறைபொருள் பிரிவு. கதவை மூடவும்.'

அவள் அதைப் பார்த்தாள். பனிமலை, நீல வானம், நடுவில் தான், முதுகில் கதவை மூடவும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"செத்தாலும் இதைப் போட மாட்டேன்."

"அந்தச் சிவப்பைப் போட்டுட்டுப் போனா நிஜமாவே செத்துடுவ. குளிரைப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

மகளுக்குப் போன் போனது. நியாயம் கிடைக்கும் என்று நம்பினாள் தாய்க்காரி. "குளிர் விஷயத்துல அப்பா சொல்றதக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு மகள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பத்து மாதம் சுமந்து பெற்றதற்கு இதுதான் பலன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு வந்து நின்றாள். "சரி. உங்க நாலாம் ரூமுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. இந்தக் கோட்டோட உள்ள நிக்கிறேன். பத்து நிமிஷம். நானா வாயத் தொறந்து குளிருதுன்னு சொன்னா கோட்டை வீட்டுலயே விட்டுடறேன், உங்க 'கதவை மூடவும்' ஜாக்கெட்டைப் போட்டுக்கறேன். சொல்லலைன்னா, கோட்டு என்னோட வரும். அப்புறம் நீங்க மூச்சு விடக் கூடாது."

அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, நல்ல விதமாகத்தான். இருபத்தாறு வருஷத்தில் அவள் கிடங்குக்கு வருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு நிமிஷம் தாங்க மாட்ட" என்றார்.

"அதைப் பார்ப்போம். நீங்களும் டூருக்குப் போற டிரஸ்லதான் வரணும். உங்க கம்பெனி கவசமெல்லாம் ஆகாது. ஒத்திகைன்னா ஒழுங்கா ஒத்திகை."

மேலாளரிடம் அனுமதி கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து நிமிஷம், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்று சம்மதித்தார்.

கொளுத்துகிற வெயிலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு தெருவில் போக முடியுமா? அதனால் பயணப் பெட்டியிலேயே எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போய், அங்கே மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அடுக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். வாயைக் கொடுத்தால் இன்னொரு சண்டை வரும் என்று அவளும் விட்டுவிட்டாள். கிடங்கில் ஒரு சட்டம் உண்டு: முதலில் உள்ளே போன சரக்கு முதலில் வெளியே வர வேண்டும். அந்தச் சட்டப்படியே பெட்டியையும் அடுக்கினார். முதலில் தேவைப்படும் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் முதலில் உள்ளே போயின. கடைசியில் தேவைப்படும் பற்பசையும் துண்டும் கடைசியில் போயின. மூடியில் பட்டியலும் ஒட்டினார். கிடங்கின் அறைக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு, பெட்டிக்கு ஒரே ஒரு மூடிதான் என்பது அவர் மனதில் படவே இல்லை.

கிடங்கின் சரக்கு மேடையில் பெட்டியைத் திறந்தபோதுதான் பட்டது. சிவப்புக் கோட்டு அடியிலும் அடியில் கிடந்தது. அதை எடுப்பதற்குள் துண்டு, பனியன், பற்பசை, அவளுடைய உள்பாவாடை வரைக்கும் மேடையில் கடை பரப்ப வேண்டியதாயிற்று. வாட்ச்மேன் நல்ல மனுஷன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் வாட்ச்மேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கியது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று எழுதுவதற்கு. "கதவு உள்ளே இருந்தும் தொறக்கும். நான் டைம் எழுதிட்டு இங்கேயே நிக்கிறேன். அண்ணன் இருக்கார், அவருக்கு இது மாமியார் வீடு மாதிரி."

இருவரும் உடுத்திக்கொண்டார்கள். அவள் உள்ளே கம்பளிச் சட்டை, மேலே சிவப்புக் கோட்டு, காலில் இரண்டு ஜோடி காலுறை. மகள் அனுப்பிய சாம்பல் நிறக் கோட்டில் அவர் ஏதோ வங்கி மேலாளர் மாதிரி இருந்தார். வாட்ச்மேன் கரும்பலகையில் பத்து பதினைந்து என்று எழுதினார். கனத்த கதவு நகர்ந்தது. வெள்ளைப் புகையாகக் குளிர் தரையோடு தவழ்ந்து வந்தது.

உள்ளே போனதும் மூக்குக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது அவளுக்கு. இருமல் வந்தது, அடக்கினாள். கூரை வரைக்கும் பெட்டிகள். பெட்டிகளின் மேல் வெண்மையாய் உறைபனி. 'ஐயோ, இதுவா?' என்று மனசு பதறியது. வாய் மட்டும் "அழகா இருக்கு" என்றது.

"குளிருதா?"

"இல்லையே."

முதல் இரண்டு நிமிஷம் அவர் வாய் ஓயவில்லை. இது பட்டாணி, அது மீன், அந்த மூலையில்தான் இருபது வருஷத்துக்கு முன்னால் கால் வழுக்கி விழுந்தது. மூன்றாவது நிமிஷம் பேச்சு குறைந்தது. நான்காவது நிமிஷம் அவர் மெல்ல நகர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கி அடுத்த அடுக்கில் வைக்கப் போனார்.

"என்ன பண்றீங்க?"

"கோணலா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். டூர்ல யாரும் பெட்டி தூக்க மாட்டாங்க. நில்லுங்க."

அவர் நின்றார். கையைப் பின்னால் கட்டினார். கட்டைப் பிரித்துக் கோட்டுப் பைக்குள் விட்டார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். என்ன செய்வது என்றே தெரியாமல் அவர் நிற்பதை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அவள் நிலைமையும் சொல்லும்படி இல்லை. கால் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் சொன்னது சரிதான், குளிர் கோட்டுக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதைச் சொல்வதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். கவனத்தைத் திருப்பலாம் என்று மேலே பார்த்தாள். கூரையை ஒட்டி நாலு பெரிய வட்டக் கூண்டுகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. அங்கிருந்துதான் காற்று வந்து முகத்தில் அறைந்தது.

"அது என்னங்க?"

"எது? அதுவா? ஃபேன்."

"ஃபேனா?"

"குளிரை ரூம் பூரா சுத்த விடணும்ல. அது ஓடிட்டே இருக்கும், நிறுத்தவே மாட்டாங்க." அவர் தாடை நடுங்கி, வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "நான் வேலை பாக்கற இடத்துக்கு நேர் மேலதான் ஒண்ணு. பழகிடுச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் எட்டு மணி நேரம், நேர் மேலே ஒன்று. அதற்கப்புறம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் அங்கே தலைக்கு மேலே இன்னொன்று, ஐந்தில். இருபத்தாறு வருஷமாக, எல்லாம் பிடிவாதம் என்று சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"போதும்" என்று ஒரு குரல் கேட்டது. அவள் குரல் இல்லை அது.

"என்னது?"

"போதும்கறேன். வா, போயிடலாம்."

"இன்னும் பத்து நிமிஷம் ஆகலையே?"

"நான் இங்க சும்மா நின்னதே இல்ல" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. "முப்பது வருஷமா தூக்கிட்டு, இறக்கிட்டு, ஓடிட்டே இருந்திருக்கேன். நின்னா இவ்வளவு குளிரும்னு எனக்கே தெரியாது."

கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் கரும்பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷம். அண்ணி, குளிருதுன்னு சொன்னீங்களா?"

"நான் ஒரு வார்த்தை சொல்லல."

"அப்போ?" வாட்ச்மேன் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அவளுக்காகத்தான் வந்தேன், தாங்குவாளோ மாட்டாளோன்னு" என்றார். திங்கட்கிழமை கிடங்கு முழுக்க இது என்னவாகச் சுற்றப் போகிறது என்பது வாட்ச்மேன் முகத்திலேயே எழுதியிருந்தது.

வாட்ச்மேன் டீ வாங்கி வந்தார். கிளாஸைப் பிடிக்க அண்ணனின் விரல்கள் மடங்கவில்லை. அதற்காக அவர் அலட்டிக்கொள்ளவும் இல்லை. கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நிறுத்தி, குடிக்காமல், வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் வீட்டில் அப்படித்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "ஆறிப்போகுது, குடிச்சு முடிங்க, கழுவணும்" என்று அவள் தினமும் விரட்டுவாள். இன்றைக்கு அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் குளிரில் அழுததாக எழுதிவிடுவார்கள் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டில் பெட்டியை மறுபடி அடுக்கினார்கள். சட்டம் கைவிடப்பட்டது. அவர் தோற்ற மனுஷன், ஆனால் வாக்கு தவறாதவர். சிவப்புக் கோட்டைத் தானே மடித்து, எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கைக்கு வருகிற மாதிரி வைத்தார்.

"போட்டோ எடுக்கும்போது மட்டும் போட்டுக்கோ" என்றார். "கோட்டு தாங்காது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"தெரியும்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

பிறகு மூலையில் கிடந்த அந்த நீல ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். மூன்று கிலோவுக்கு இடம் வேண்டுமே. அவளுடைய இரண்டாவது ஜோடி செருப்பும் அலங்காரப் பெட்டியும் தலைமுடி உலர்த்தும் மெஷினும் சத்தமில்லாமல் வெளியே வந்தன.

"இது எதுக்கு? நீதான் செத்தாலும் போட மாட்டேன்னியே."

"எனக்கில்ல, உங்களுக்கு. எட்டு நாள் சும்மா நிக்கப் போறீங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நிஜமாச் சொல்லு, அங்க போய் நான் என்ன பண்றது? ஏத்தி இறக்க ஒண்ணும் இருக்காதே."

"என்னை ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் எங்கயாவது சூடா ஒரு டீயைப் பிடிச்சுட்டு உக்காரலாம். கழுவணும்னு அங்க யாரும் விரட்ட மாட்டாங்க."

அவர் சிரித்தார். அவள் எழுந்து சுவரோரமாகப் போனாள். வந்து மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஃபேன் ஏன் நின்னுடுச்சு?"

"கரண்ட் போயிடுச்சு."

ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் டி.வி.யில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் லைட்டைப் பார்த்தார். அவள் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்ற வியர்வையைப் பார்த்தார்.

"எப்ப வருமாம்?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள், ஜாக்கெட்டின் கையை மடக்கி உள்ளே திணித்தபடி. "இன்னைக்கு வராதுன்னு நினைக்கிறேன்."